குன்றின்மேல் விளக்கு

விளக்கின் பயன் ஒளி தருதல். அதனைக் குடத்துள் இட்டால் ஒளி குடத்தளவில் ஒடுங்கிவிடும். குன்றின்மேல் இட்டால் நெடுந்தொலைவில் வருவோர்க்கும் வழி காட்டும். விளக்கு ஒன்றே, இட்ட இடத்தால் பயன் வேறுபடுகின்றது. வாணிகத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். நல்ல பொருளை உடையவர் பலர். அது தம்மிடம் உண்டு என்பதை வேண்டுவோர் அறியுமாறு செய்பவர் சிலரே. பண்டைத் தமிழ் வணிகர், இன்ன பொருள் இங்கே விற்கப்படும் என்று அறிவிக்கத் தம் கடைமுன் கொடி உயர்த்தினர். இக்காலத்தில் அக்கொடியின் பணியை இணையத் தேடுபொறி செய்கின்றது. ஒருவர் தாம் வேண்டுவதைச் சில சொற்களால் வினவ, அது நொடிப்பொழுதில் விடைகளை வரிசைப்படுத்திக் காட்டுகின்றது. அவ்வரிசையின் தொடக்கத்தில் இடம் பெற்றவர் பலர் கண்ணிலும் படுவர். கடைசியில் கிடப்பவரை நாடுவார் இலர். குடத்துள் இருக்கும் விளக்கைக் குன்றின்மேல் ஏற்றும் வழி யாது? ஒரு கூடாரத் திடலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்தல் தகும்.

இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரி மாவட்டம் என்னும் மலைநாடு உள்ளது. அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய ஸ்காஃபெல் பைக்கும், மிகப் பெரிய இயற்கை ஏரியாகிய விண்டர்மியரும் அங்கேயே அமைந்துள்ளன. சிகரத்தின் உயரம் 978 மீட்டர். 1951-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும், 2017-ஆம் ஆண்டில் உலக மரபுடைமையாகவும் அம்மலைநாடு சிறப்பிக்கப்பெற்றது. மழை மிகுந்த அதன் சரிவுகளில் ஹெர்ட்விக் என்னும் ஆடுகள் மேய்கின்றன. கோடைக் காலத்தில் மக்கள் கூடாரங்களைச் சுமந்துகொண்டு அங்கே வருவர். கூடாரம் அடித்துத் தங்கும் பொழுதுபோக்கு அந்நாட்டார்க்குப் பழக்கமானது. தையற்கலைஞராகிய தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்பவரை முதல்வராகக் கொண்டு, மிதிவண்டியிற் சென்று கூடாரமடிப்போர் சங்கம் ஒன்று 1901-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அவர் 1908-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு கையேடும் எழுதினார்.

அம்மலைச் சாரலில், அல்ஸ்வாட்டர் என்னும் ஏரிக்கு அண்மையில், ஆடு வளர்க்கும் உழவர் ஒருவர் தம் புல்வெளியின் ஒரு பகுதியைக் கூடாரத் திடலாக அமைத்தார் என்று கொள்க. நல்ல நீர் உண்டு. தூய குளியலறை உண்டு. ஏரிக்குச் செல்லும் நடைபாதையும் உண்டு. ஆயினும், வந்தவர் சிலரே. குறை திடலில் இல்லை; திடல் இருப்பதை அறிந்தவர் இல்லை. ஆண்டில் ஆறேழு திங்களே கூடாரத்திற்கு உகந்த காலமாதலின், ஒரு கோடை வீணானால் ஓராண்டு வருவாயும் வீணாகும். மேலும், 2023-ஆம் ஆண்டில் வந்த விதி ஒன்றினால், இங்கிலாந்தில் நிலமுடையவர்கள் சில வரையறைகளுக்கு உட்பட்டு, ஆண்டிற்கு 60 நாள் வரையில், 50 கூடாரங்கள் வரையில், தனி இசைவு பெறாமலே இடம் தரலாம் என்றாயிற்று. திடல்கள் பெருகப் பெருகப் போட்டியும் பெருகுமன்றோ?

உழவர் ஓர் இணையதளம் வைத்திருந்தார். அதன் முகப்பில், “இயற்கையின் மடியில் இனிய இளைப்பாறல்” என்னும் தொடர் அழகாகப் பொறிக்கப்பட்டிருந்தது. ஊரின் பெயர் இல்லை; ஏரியின் பெயர் இல்லை; கூடாரம் என்ற சொல்லும் இல்லை. எத்துணை அழகிய தொடராயினும் அதைத் தேடுபவர் யார்? இக்குறையை உணர வேண்டுமாயின் தேடுபொறி இயங்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

தேடுபொறியின் தொழில் மூன்று. முதலாவது திரட்டுதல். ஊர்வி எனப்படும் கணினி நிரல்கள் ஓர் இணையப் பக்கத்திலிருந்து மற்றொன்றிற்கு, அவற்றிடையேயுள்ள இணைப்புகளின் வழியே ஓயாது சென்று, கண்டவற்றைத் திரட்டுகின்றன. இரண்டாவது அடைவு செய்தல். பெருநூல்களின் இறுதியில், எச்சொல் எப்பக்கத்தில் வருகின்றது என்று காட்டும் சொல்லடைவு இருத்தல் போல, திரட்டிய பக்கங்களுக்கெல்லாம் தேடுபொறி ஓர் அடைவு வகுத்துக்கொள்கின்றது. வினவுவோர்க்கு விடை தரும்பொழுது அது உலகம் முழுவதையும் அப்போதே சுற்றி வருவதில்லை. தன் அடைவையே புரட்டுகின்றது. மூன்றாவது வரிசைப்படுத்தல். அடைவிற் கண்ட பல பக்கங்களுள் எது முன், எது பின் என்பதைப் பல அளவைகளால் அது முடிவு செய்கின்றது.

இவ்வளவைகளுள் ஒன்று சிறப்பாக அறியத்தக்கது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவராயிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1998-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்துணை சுட்டுகின்றன, சுட்டுபவை எத்தகையன என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளத்தல் அவர்கள் கண்ட முறை. உரையாசிரியர் பலரும் மேற்கோளாக எடுத்தாளும் நூலைச் சிறந்த நூல் என்று கற்றோர் கருதுவர். அதனினும், தாமே சிறந்தவராகிய உரையாசிரியர் எடுத்தாண்டால் மதிப்பு இன்னும் மிகும். அம்முறையையே இணையத்திற்கு ஏற்றினர் என்க.

இனி, உழவர் செய்யத்தக்கன யாவை எனக் காண்போம். முதற்கண் வாயில் திறந்திருத்தல் வேண்டும். இணையதளம் ஒவ்வொன்றும், ஊர்விகள் எப்பகுதிக்குள் வரலாம், எப்பகுதிக்குள் வரலாகாது என்று சொல்லும் அறிவிப்புக் கோப்பு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இம்முறை 1994-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. தளத்தை அமைக்கும் காலத்தில், பணி முடியும்வரை எவரும் வரற்க என்று அதில் எழுதிவைப்பதுண்டு. பணி முடிந்தபின் அவ்வரியை நீக்க மறந்தால், திருவிழாவிற்கு ஊரை அழைத்துவிட்டு வாயிற்கதவைத் தாழிட்டது போலாகும். ஆதலின், அதனை முதலில் நோக்குதல் வேண்டும்.

அடுத்து, தேடுவோர் சொல்லைத் தம் பக்கத்தில் ஆளுதல் வேண்டும். “இங்கிலாந்தில் கூடாரத் திடல்” என்னும் பொதுவினாவில் சிற்றுழவர் முன்னிற்றல் அரிது. பல்லாயிரம் இடங்களைத் தொகுத்துக் காட்டி, முன்பதிவுதோறும் ஒரு பங்கைக் கூலியாகக் கொள்ளும் பெருநிறுவனங்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால், தேடுவோர் எல்லாரும் பொதுவாகவே வினவுவதில்லை. ஒருவர், “அல்ஸ்வாட்டர் அருகே நாயுடன் தங்கத்தக்க கூடாரத் திடல்” என்று வினவுவர். மற்றொருவர், “தீ மூட்ட இசைவுள்ள அமைதியான திடல்” என்பர். இன்னொருவர், மகிழுந்து இன்றிப் பேருந்தில் வரக்கூடிய இடத்தைத் தேடுவர். இத்தகைய சிறப்பு வினாக்களுக்கு நேரான விடையை அவ்விடத்தில் வாழ்பவரன்றி வேறு யார் நன்கு சொல்லவல்லார்? பேருந்து எங்கே நிற்கும், அங்கிருந்து எத்துணைத் தொலைவு நடக்க வேண்டும், பெருமழையில் எப்பகுதி சேறாகும், எப்பகுதி உலர்ந்திருக்கும் என்பனவற்றை உழவர் அறிவார். அவற்றைத் தெளிவாக எழுதினால், பெருநிறுவனத்தின் பக்கத்தில் இல்லாத செய்தி அவர் பக்கத்தில் இருக்கும். சிறியவர் பெரியவரை வெல்லும் இடம் இதுவே.

சொல்லைப் படத்துள் புதைத்தலும் ஆகாது. கட்டணத்தையும் விதிகளையும் படமாக எடுத்து ஒட்டுவோர் உளர். படத்திலுள்ள எழுத்தைப் பொறி செவ்வனே உணரும் என்று நம்பியிருத்தல் தகாது. பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் கருவிக்கும் அது தடையாகும். ஆகவே, செய்தியை எழுத்தாகவே எழுதி, படந்தோறும் அது காட்டுவது இன்னது என்று ஒரு வரி சேர்த்தல் நன்று. படங்களின் அளவும் சுருங்கியிருத்தல் வேண்டும். மலைப்பள்ளத்தாக்கில் கைப்பேசிக்கு அலை வலிமை குறைவு. பெரும்படம் வந்து சேர்வதற்குள் வழிப்போக்கர் பொறுமையிழந்து வேறிடம் நாடுவர். மேலும், 2011-ஆம் ஆண்டில் தேடுபொறி நிறுவனங்கள் கூடி, பக்கத்திலுள்ள செய்தி எவ்வகையினது என்று பொறிக்கு உணர்த்தும் குறியீட்டு முறை ஒன்றை வகுத்தன. அதில் கூடாரத் திடலுக்கெனவே ஒரு வகை உண்டு.

இடத்தை வரைபடத்திற் பதிதலும் இன்றியமையாதது. அண்மையிலுள்ள இடங்களைக் காட்டும்பொழுது, பொருத்தம், தொலைவு, புகழ் என்னும் மூன்றையும் கூகுள் நோக்குகின்றது. இவற்றுள் தொலைவை மாற்ற எவராலும் இயலாது. ஏனைய இரண்டையும் முயற்சியால் வளர்க்கலாம். பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை எங்கும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். வரைபடக் குறி திடலின் நுழைவாயிலிலேயே அமைதல் வேண்டும். வயலின் நடுவே அமைந்தால், இருட்டில் வருவோர் ஆட்டுப்பட்டியில் சென்று நிற்பர்! திறந்திருக்கும் திங்கள்களையும் அவ்வப்போது திருத்தி வைத்தல் கடன்.

இனிப் புகழ் வளரும் முறை. ஊர் மன்றத்தின் தளம், நடைப்பயணக் குழுவின் தளம், அண்மையிலுள்ள தேநீர்க்கடையின் தளம் ஆகியவை திடலைச் சுட்டினால், அவை உண்மையான சான்றுகளாகும். தங்கிச் சென்றவர்கள் எழுதும் மதிப்புரைகளும் அத்தகையனவே. குறை கூறும் உரையைக் கண்டு சினவாமல், நன்றியுடன் மறுமொழி எழுதி, அக்குறையைக் களைந்தால், படிப்போர்க்கு நம்பிக்கை மிகும்.

இந்நேரிய வழியை விடுத்துக் குறுக்கு வழி நாடுவோரும் உண்டு. வெண்மையான பக்கத்தில் வெண்மையான எழுத்தால் நூறு சொற்களை மறைத்தெழுதுதல், பொருள் கொடுத்து இணைப்புகளை வாங்குதல், தாமே விருந்தினர்போல் புகழுரை எழுதுதல் ஆகியன அவ்வழிகளாம். இவை சிலநாள் பயன் தரினும் நிலைப்பதில்லை. இரவற் பக்கங்களையும் பயனற்ற பக்கங்களையும் பின்னுக்குத் தள்ளும் மாற்றத்தைக் கூகுள் 2011-ஆம் ஆண்டிலும், போலி இணைப்புகளைத் தண்டிக்கும் மாற்றத்தை 2012-ஆம் ஆண்டிலும் செய்தது. போலி மதிப்புரைகளோ, பிரித்தானியாவில் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளன. அண்மையில், விடைப்பட்டியலுக்கு மேலே செயற்கை நுண்ணறிவால் சுருக்கவுரை தரும் வழக்கமும் தோன்றியுள்ளது. பிரித்தானியாவில் கூகுள் இதனை 2024-ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வுரையும் பிறர் எழுதிய பக்கங்களிலிருந்தே செய்தி கொள்வதால், தெளிவாகவும் உண்மையாகவும் எழுதுதலின் தேவை மிகுந்ததேயன்றிக் குறைந்திலது.

பொய்யின் கேடு பொறியோடு முடிவதன்று. ஏரிக்கரையிலேயே திடல் உள்ளது என்று எழுதிய சொல்லை நம்பி, தாயும் தந்தையும் சிறு குழந்தைகளோடு மழையில் மாலைப்பொழுதில் வந்து சேர்கின்றனர் என்று கொள்க. ஏரி மூன்று கல் தொலைவில் உள்ளது என்றும், கூடாரமடிக்கும் நிலம் சேறு என்றும் அவர்கள் அப்போது அறிந்தால், அவர்தம் உள்ளம் என்ன பாடுபடும்! அன்றிரவு அவர்க்கு வேறு புகலிடம் கிடைப்பதும் அரிது. முன்வரிசையில் நின்ற பக்கம் அவர்களை அழைத்து வந்ததே, ஆனால், அவர்கள் மீண்டும் வாரார், பிறரையும் வரவிடார். குன்றின்மேல் ஏறிய விளக்கு, தன் ஒளியை மட்டுமன்றித் தன் கறையையும் ஊரறியக் காட்டிவிடும்.

ஆகவே, தேடுபொறியில் முன்னிற்றல் மாயவித்தை அன்று. தம்மிடம் உள்ளது இன்னது, இல்லாதது இன்னது என்பதை, வேண்டுவோர் சொல்லால், அவர் எளிதிற் காணுமிடத்தில் எழுதிவைத்தலே அதன் அடிப்படை. வினவுவோன் உள்ளமறிந்து விடை கூறும் பண்பு நல்லாசிரியர்க்கு உரியதென்பர்; அப்பண்பு வணிகர்க்கும் வேண்டும். ஒளியுள்ள விளக்கை உயரத்தில் ஏற்றுக. ஏற்றுமுன் திரியைத் தூண்டி, எண்ணெயை நிரப்புக. அங்ஙனம் செய்தால், மலைச்சாரலில் ஒதுங்கிக் கிடக்கும் சிறு புல்வெளியும், தொலைவிலுள்ளார் நாடிவரும் இனிய தங்கிடமாக விளங்கும்.