துரு இல்லை, ஆனாலும் கழலாது

‘கடற்காற்றுக்குத் தாங்கட்டும் என்று கூடுதல் விலை கொடுத்து எஸ்.எஸ். போல்ட், நட் வாங்கினேன். மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் ஸ்டாண்டைப் பூட்டும்போது பாதி மரையிலேயே நட் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. புத்தம் புது போல்ட்டில் துரு ஏது? கடைக்காரர் டூப்ளிகேட் சரக்கைத் தள்ளிவிட்டாரா?’ என்று கேட்கிறார் தூத்துக்குடி வாசகர் ஒருவர்.

கடைக்காரரை விட்டுவிடுங்கள். அசல் சரக்குக்கும் இந்த நோய் உண்டு.

இரும்பு போல்ட் சிக்குவது வேறு கதை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். மரை இடுக்கில் அவ்வளவு இடம் இல்லாததால் நெருக்கியடித்து இறுகிவிடும். எண்ணெயை ஊறவிட்டு, தட்டி, சுட்டு ஆறவிட்டால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். எஸ்.எஸ். மரையில் நடப்பதோ நெருப்பில்லாத வெல்டிங்!

சப்பாத்தி சுடும் வீட்டில் இதன் சூட்சுமம் தெரியும். தேய்த்த சப்பாத்திகளை இடையில் உலர்மாவு தூவி அடுக்கினால் ஒட்டாது. மாவு உதிர்ந்த இடத்தில் அழுத்துங்கள், எது மேலது எது கீழது என்று பிரிக்கவே முடியாது. எஸ்.எஸ். எனும் துருப்பிடிக்காத எஃகு, தனக்குத் தானே மாவு தூவிக்கொள்ளும் சப்பாத்தி. அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 304 ரகத்தில் சுமார் 18. அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து, சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்கிறது. கீறினால் அடுத்த நொடியே புதுப் படலம். துரு அண்டாததற்குக் காரணம் இதுதான்.

மரைக்குள்ளே மட்டும் இந்த வித்தை பலிப்பதில்லை. வழவழப்பாகத் தெரியும் மரையும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். நட்டைத் திருகும்போது மேடுகளின் உச்சிகள்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. மொத்த அழுத்தத்தையும் அவைதான் சுமக்கின்றன. படலம் உரிகிறது. உள்ளே காற்று போதாது, உரசலும் நிற்பதில்லை. வெற்று உலோகம் வெற்று உலோகத்தைத் தொட்டதும், தாங்கள் இரண்டு தனித்தனிப் பொருள்கள் என்ற பேதம் அணுக்களுக்குத் தெரியாது, பிணைந்துகொள்கின்றன. மேலும் திருகினால் அந்தப் பிணைப்பு பிய்ந்து ஒரு துணுக்கு பெயரும். இந்த உலோகம் நசுங்க நசுங்கக் கடினமாகும் ரகம். எனவே காய்ந்த மாவுக் கட்டி சப்பாத்தி அடுக்கையே கிழிப்பதுபோல், துணுக்கு மரையை உழுதுகொண்டே போகும். சாதாரண எஃகில் கடத்தப்படுவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இதில் வெப்பம் கடத்தப்படும் என்பதால், உரசிய சூடும் அங்கேயே தங்கும். (இதற்கு மேல் இழுத்தால் சப்பாத்தியே கிழிந்துவிடும்.)

மாவு தூவ ஆக்சிஜனே இல்லாத விண்வெளியில் இன்னும் மோசம். 1989-இல் வியாழனுக்குப் புறப்பட்ட கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆன்டெனா 1991-இல் முழுதாக விரிய மறுத்தது. அதன் பொருத்து ஊசிகளின் மேலிருந்த உலர் மசகு தேய்ந்து, உலோகம் உலோகத்தைப் பிடித்துக்கொண்டது என்பதே பொறியாளர்கள் வந்த முடிவு. அந்த ஆன்டெனா கடைசிவரை பயன்படவில்லை.

வரலாறு இல்லாமல் கட்டுரை முடியாதாம். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்க்கு உலோகம் தேடியபோது, துருப்பிடிக்காத எஃகு சிக்கியது. போதும்.

இனி, ‘எதையும் நொடியில் கழற்றும்’ ஸ்ப்ரே வீடியோக்கள். புகழ்பெற்ற டபிள்யூடி-40, 1953-இல் அட்லஸ் ஏவுகணையின் மேற்புறத்தில் ஈரம் தங்காமல் விரட்ட உருவானது. துருப்பிடித்த இரும்புக்கு ஓரளவு உதவும். ஒன்றாகிவிட்ட உலோகத்தில் எண்ணெய் நுழைய இடுக்கு எங்கே? அடிக்கிற பணம் வீண். கிரைண்டரில் நட்டை வெட்டி எடுங்கள். இல்லை, நீளமான ஸ்பேனர் போட்டு முறுக்கி போல்ட்டையே முறித்துவிடுங்கள். போல்ட் எப்படியும் போனதுதான்.

வராமல் தடுப்பது சுலபம். மரையைத் துடைத்து, நிக்கல் தூளோ மாலிப்டினம் டைசல்பைடோ கலந்த ‘ஆன்டி-சீஸ்’ பசையை மெல்லத் தடவுங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். கை ஸ்பேனரால் நிதானமாகத் திருகுங்கள். உள்ளே நைலான் வளையம் வைத்த நட் என்றால் இரட்டிப்பு நிதானம். 304 ரக போல்ட்டுக்கு 316 ரக நட் போட்டால் ஒட்டாது என்பார்கள். ஓரளவு பலன் உண்டு, ஆனால் இரண்டும் பங்காளிகள், அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: பசை தடவிய மரை வழுக்கும் என்பதால், பழைய பலத்திலேயே இறுக்கினால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். கொஞ்சம் குறைத்து இறுக்குங்கள். பாதியில் நட் சூடாகி முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்தி, ஆறவிட்டு, எண்ணெய் விட்டு மெதுவாகப் பின்னால் திருப்பிப் பாருங்கள். ‘இன்னும் ஒரே ஒரு சுற்று’ என்று மட்டும் முயலவே வேண்டாம்.