நெல்லைத் தேடினால் நெல்லை வருமா?

தேடுபொறியில் ஒரு சொல்லைத் தட்டியதும் அது இணையம் முழுக்க ஓடிப் பக்கங்களைப் புரட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படிப் புரட்டினால் விடை வருவதற்குள் விடிந்துவிடும். பக்கங்களை முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எங்கெங்கே இருக்கிறது என்று அது அடைவு போட்டு வைத்திருக்கிறது. புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவைப் போல. நாம் தேடுவது அந்த அடைவுக்குள்தான். கிடைத்தவற்றில் எதை முதலில் காட்டுவது என்பது அடுத்த வேலை. அரிதாக வரும் சொல்லுக்குக் கூடுதல் எடை கொடுக்கலாம் என்று 1972-இல் ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் வழிகாட்டினார். மற்ற பக்கங்கள் தரும் இணைப்புகளை, தருபவரின் தகுதியையும் சேர்த்து, எண்ணலாம் என்று 1998-இல் ஸ்டான்ஃபோர்டின் லாரி பேஜும் செர்கேய் பிரினும் காட்டினார்கள். இந்த வரிசைப்படுத்தலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். தமிழ்த் தேடலின் சிக்கலோ அதற்கு முன்பே, அடைவிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு இரண்டு மூன்று வடிவங்கள்தான். நம் 'மரம்' மரத்தை, மரத்துக்கு, மரங்களிலிருந்தும் என்று பெருகும். வினைச்சொல்லைச் சொல்லி மாளாது. எழுதியதை எழுதியபடியே அடைவில் ஏற்றினால், 'மரம்' என்று தேடுபவருக்கு 'மரத்தை' என்று மட்டும் எழுதிய கட்டுரை அகப்படாது. விகுதியைக் கழற்றி ஏற்றலாமே? ஆங்கிலத்துக்கு ஆய்வாளர் மார்ட்டின் போர்ட்டர் 1980-இலேயே அதற்கு விதிகள் வகுத்துவிட்டார். ஆனால் 'நெல்லை'யில் ஐகாரத்தைக் கழற்றினால் மிஞ்சுவது நெல். திருநெல்வேலிக்கு ரயில் தேடியவர் முன் வயல் வந்து நிற்கும். கடலை விலை கேட்டவருக்குக் கடல். கழற்றாவிட்டால் ஒரு தவறு, கழற்றினால் இன்னொன்று.

அக்கம்பக்கச் சொற்களைப் பார்த்துப் பொருள் கொள்ளும் காலம் வந்துவிட்டதே என்பார்கள். உண்மைதான், 2019-இல் கூகுள் தன் தேடலில் 'பெர்ட்' என்ற மொழி மாதிரியைச் சேர்த்தது. 'நெல்லை'க்குப் பக்கத்தில் 'எக்ஸ்பிரஸ்' இருந்தால் ஊர், 'அவித்து' இருந்தால் தானியம். ஆனால் தேடல் பெட்டியில் நாம் பல நேரம் ஒற்றைச் சொல்லைத்தானே போடுகிறோம்? அங்கே அக்கம்பக்கம் ஏது? தவிர, இம்மாதிரிகள் கற்பது இருக்கும் எழுத்திலிருந்து. பொதுக் குறியீடான யூனிகோடுக்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் ஏற்றிய தமிழ்ப் பக்கங்கள், மாற்றப்படாதவரை, பொறியின் கண்ணுக்கு வெறும் கிறுக்கல். படமாக மட்டும் வருடிப் போட்ட பழைய நூல்களையும் எழுத்துணரி மென்பொருள் பிழையின்றிப் படித்தாக வேண்டும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகள் நூல்களை எழுத்தாகவே ஏற்றியதன் அருமை இங்கேதான் புரிகிறது. சிற்றிதழும் ஆண்டு மலரும் வெளியிடுவோர் பக்கத்தைப் படம் பிடித்துப் போடுவதோடு நிறுத்தாமல், யூனிகோடு எழுத்தையும் கூடவே ஏற்றுங்கள்.