பத்து முறை விழுந்தாக வேண்டிய பெட்டி

அட்டைப்பெட்டியின் ஒரு மூலையைத் தரை பார்க்கத் திருப்பி, 76 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தி, அப்படியே விட்டுவிடுகிறார்கள். உள்ளே பன்னிரண்டு பாட்டில் பியர்! டொம்மென்ற சத்தம் அடங்குவதற்குள் பெட்டியைத் தூக்கி, இந்த முறை ஒரு விளிம்பில் விழவைக்கிறார்கள். அடுத்து இன்னொரு விளிம்பு, அதற்கடுத்து மூன்றாவது. அதோடு விட்டார்களா? ஆறு பக்கங்களும் தட்டையாகத் தரையில் மோதுகிறபடி ஆறு முறை. ஆகப் பத்து. யாரும் கைதவறிப் போடவில்லை. போடுவதுதான் அங்கே வேலை.

அமெரிக்காவில் பார்சல் பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கும் கூடங்களில் நடப்பது இது. ஒரு பொட்டலத்தை எப்படியெல்லாம் அடித்துப் பார்த்த பிறகு ஊருக்கு அனுப்பலாம் என்று இஸ்டா என்ற சர்வதேச அமைப்பு விதி எழுதி வைத்திருக்கிறது. மேலே சொன்னது அதில் 1ஏ என்ற அடிப்படைச் சோதனை. பன்னிரண்டு பாட்டில் அடுக்கிய பெட்டி சுமார் 7 கிலோ இருக்கும். அந்த எடைக்கு விதிக்கப்பட்ட உயரம்தான் 76 சென்டிமீட்டர். எந்த மூலை முதலில் விழ வேண்டும் என்பதுகூட முடிவு செய்யப்பட்டது. பெட்டி செய்யும்போது அட்டையின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டுகிறார்கள் அல்லவா, அந்த ஒட்டு கீழே இறங்கி அடிப்பக்கத்தைத் தொடும் மூலை அது. இருப்பதிலேயே பலவீனமான இடத்தில் முதல் அடி!

இதற்கெல்லாம் முன்பே பெட்டி ஒரு ஆட்டம் ஆடி முடித்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான். பெட்டியை ஒரு குலுக்கு மேசையில் வைத்து வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். பக்கத்தில் ஒருவர் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோகப் பட்டையோடு காத்திருக்கிறார். பெட்டி மேசையை விட்டுத் துள்ளத் தொடங்கி, அந்தப் பட்டை அடியில் வழுக்கிக்கொண்டு போகிற அளவு இடைவெளி வந்ததும், அதே வேகத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வேகத்தில் 14,200 குலுக்கல். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பெட்டி தடதடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். லாரியின் தளத்தில் பெட்டி படும் பாட்டை இங்கேயே பட வைத்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான் பத்து விழுதல். கடைசியில் பெட்டியைத் திறக்கும்போது அட்டை நசுங்கியிருக்கலாம், மூலை மழுங்கியிருக்கலாம், அதெல்லாம் குற்றமில்லை. உள்ளே இருப்பது முழுசாக இருக்க வேண்டும்.

இருக்கிறது! எப்படி என்பதுதான் சுவாரசியம்.

கண்ணாடி நாம் நினைப்பது போல் சோனி இல்லை. நசுக்கினால் அசாத்தியமாகத் தாங்கும். அதை வீழ்த்துவது இழுவிசை, அந்த இழுவிசைக்கு வழி திறந்துவிடுவது கண்ணுக்கே தெரியாத கீறல். 1921இலேயே ஆங்கிலேயப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் இதை எழுதிவிட்டார்: கீறலின் முனையில் இழுவிசை குவிகிறது, விரிசல் அங்கிருந்து ஓடுகிறது. அதனால் பாட்டில் தொழிற்சாலையில் ஒரு அழகான ரகசிய வேலை நடக்கிறது. அச்சிலிருந்து வந்த சூடு ஆறும் முன்பே பாட்டிலின் மேல் வெள்ளீய ஆக்சைடு மெல்லிய படலமாகப் படிய வைக்கப்படுகிறது. ஆறிய பிறகு அதன் மேல் பாலிஎத்திலீன் போன்ற ஒரு வழுவழுப்புப் பூச்சு. புத்தம் புது பாட்டில்கள் இரண்டை உரசிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கல்தான் கீறல் விழாமல் காக்கும் கவசம்.

இப்போது புரிகிறதா? பெட்டிக்குள் பாட்டிலுக்கு முதல் எதிரி பக்கத்துப் பாட்டில். இரண்டு பாட்டில்கள் முட்டிக்கொண்டால் கண்ணாடியைக் கண்ணாடியே கீறும், தோளும் அடிவிளிம்பும்தான் முதலில் அடி வாங்கும். பெட்டி கட்டுபவர்கள் பாட்டிலுக்கு மெத்தை போடுவதற்கு முன்னால் பாட்டிலையும் பாட்டிலையும் பிரித்து வைப்பதைத்தான் பார்க்கிறார்கள். கட்டி முடித்த பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டும்போது உள்ளே ஒரு சின்னச் சத்தம்கூட வரக் கூடாது. க்ளிங் என்று கேட்டால் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதுதான்.

கணக்கையும் பார்த்துவிடலாம், கணக்கு இங்கே கதையை விட ருசி. 76 சென்டிமீட்டரிலிருந்து விழும் பெட்டி தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் எத்தனை தூரத்துக்குள் நிற்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றால் பாட்டில் உணர்வது புவியீர்ப்பைப் போலச் சராசரியாக 760 மடங்கு. சுற்றியிருக்கும் மெத்தை இரண்டு சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால்? வெறும் 38 மடங்கு! பாட்டிலுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் மெத்தை இருக்கட்டும் என்று பார்சல் நிறுவனங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். அமுங்க இடம் வேண்டும்.

அந்த இடத்தை மிக அழகாகத் தருவது காகிதக் கூழ்த் தட்டு. முட்டைத் தட்டு செய்கிற அதே பொருள்தான்: பழைய செய்தித்தாளைக் கரைத்து, அச்சில் உறிஞ்சி எடுத்துக் காயவைத்தது. மேல் தட்டு ஒன்று, கீழ்த் தட்டு ஒன்று. பாட்டிலைக் கிடத்தினால் கழுத்தும் உடலும் அந்தக் குழிக்குள் சொன்னபடி போய் உட்காரும். கூழின் மேடுகள் மட்டும் பெட்டிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். பாட்டில் எந்தச் சுவரையும் தொடாது. பெட்டி விழும்போது அந்த மேடுகள் நசுங்கி, அடியைத் தாங்களே வாங்கிக்கொள்கின்றன. தெர்மாகோல் இதையே செய்யும். ஆனால் கூழ்த் தட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி கூழாகிவிடும் என்பதால் என் ஓட்டு காகிதத்துக்குத்தான்.

பபிள் ரேப் இல்லாமல் இந்தக் கதை ஏது? 1957இல் நியூ ஜெர்சியின் ஹாத்தார்ன் ஊரில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் இரண்டு பிளாஸ்டிக் திரைகளைச் சேர்த்து ஒட்டினார்கள். உள்ளே காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொண்டன. அவர்கள் செய்ய நினைத்தது சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள்! அது விற்கவில்லை. பிறகு ஐபிஎம் தன் கணினிகளை அனுப்ப இதைச் சுற்றியதும் குமிழ்த்தாளின் யோகம் மாறியது. பாட்டிலுக்கு இதைச் சுற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: குமிழ்ப் பக்கம் பாட்டிலைப் பார்த்து இருக்க வேண்டும், கழுத்துக்குத் தனியாக இன்னொரு சுற்று வேண்டும். கழுத்து ஒல்லியாக இருப்பதால் அங்கே உறை தளர்ந்துவிடும், தளர்ந்த இடத்தில் பாட்டில் ஆடும். சுற்றிய பாட்டிலை ஜிப் பைக்குள் போட்டு, பெட்டிக்குள்ளும் ஒரு பெரிய குப்பைப் பையை விரித்துவிட்டால், ஒன்று உடைந்தாலும் ஊரார் பார்சல் நனையாது.

மேலே டேப்பை ஆங்கில எழுத்து எச் வடிவில் ஒட்ட வேண்டும்: நடுவில் நீளமாக ஒன்று, இரண்டு ஓரங்களிலும் ஒன்று ஒன்று, அடியிலும் அதே. நூல் கட்டவே கூடாது. ஏன் என்று தெரிய, வாருங்கள் லூயிவில்லுக்கு!

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் விமான நிலையத்தில் யூபிஎஸ் நிறுவனத்தின் வேர்ல்ட்போர்ட் இருக்கிறது. நள்ளிரவை ஒட்டி விமானம் மேல் விமானமாக வந்து இறங்கும். விடிவதற்குள் எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி ஏற்றி அனுப்பியாக வேண்டும். மணிக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்களைப் பிரிக்கக்கூடிய இடம் அது. கன்வேயர் பெல்ட்டுகளை நீட்டிப் போட்டால் 250 கிலோமீட்டரை நெருங்கும். அத்தனை வேகத்தில் ஓடும் பெல்ட்டின் இடுக்கில் ஒரு நூல் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சரிவுத் தடத்தில் பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி இறங்கும், புரளும், திரும்பும். 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறியைப் படித்துக்கொண்டிருக்க பெல்ட்டுக்குக் கண் இல்லை. 'உடையும் பொருள்' என்று சிவப்பில் ஒட்டினாலும் அது நல்ல கட்டுக்கு மாற்று ஆகாது என்று பார்சல் நிறுவனங்களே சொல்லிவிடுகின்றன. தலைகீழாகப் போனாலும் தாங்குகிற மாதிரி கட்டுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

விமானத்தில் பாட்டில் வெடித்துவிடாதா என்று பலருக்கும் பயம். இல்லை! சரக்கு விமானத்துக்குள்ளும் காற்றழுத்தம் காக்கப்படுகிறது. பாட்டிலுக்குக் கூடுதலாக வருவது கால் ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) அளவுதான். 20 டிகிரி செல்சியஸில் சாதாரண பியரின் உள் அழுத்தம் கிட்டத்தட்ட 2 பார், அதாவது கார் டயரில் இருக்கிற அளவு. நல்ல புதுப் பாட்டில் 10 பாருக்கு மேலும் தாங்கும். பயப்பட வேண்டியது வெயிலுக்கு. 40 டிகிரியில் அதே பியர் 3.5 பாரைத் தொடும், சுவையும் கெட்டுப்போகும். குளிர்காலத்தில் அதற்கு நேரெதிர் ஆபத்து: சுழியத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலே பியர் உறைய ஆரம்பிக்கும், விரியும், மூடியை உந்தித் தள்ளும் அல்லது பாட்டிலையே பிளக்கும். அதனால்தான் மதுவாலைகள் பல திங்கட்கிழமை பெட்டியை ஏற்றுகின்றன. வெள்ளிக்கிழமை ஏற்றினால் சனி, ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கிடங்கில் வெந்துகொண்டோ விறைத்துக்கொண்டோ கிடக்கும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அமெரிக்க அஞ்சல் துறை பியரைத் தொடவே தொடாது; 1909ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடரும் தடை அது. யூபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டும் உரிமம் பெற்று, தங்களோடு ஒப்பந்தம் போட்டவர்களிடமிருந்து மட்டுமே மதுவை ஏற்கும். வாசலில் 21 வயது நிரம்பிய ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி கைமாறும்.

கையெழுத்துப் போட்டாயிற்று, பெட்டி உள்ளே வந்தாயிற்று. பாட்டிலை உடனே திறக்காதீர்கள்! வழியெல்லாம் குலுங்கியதால் பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஏறவில்லை. மூடிய பாட்டிலில் அழுத்தம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். குலுங்கும்போது மேலே இருந்த வாயு பொடிப்பொடிக் குமிழாகத் திரவம் முழுக்கப் பரவியிருக்கும். திறந்த நொடியில் ஒவ்வொரு குமிழும் பெரிதாகி நுரையை வெளியே தள்ளுகிறது. நிமிர்த்திக் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்தால் குமிழ்கள் மேலேறிவிடும், குளிரில் வாயுவும் பியருக்குள் அடங்கிக் கிடக்கும். அடியில் ஈஸ்ட் படிந்த, பாட்டிலிலேயே நொதித்த வகை என்றால் இரண்டு மூன்று நாள் விடுங்கள். மண்டி இறங்கித் தெளியும்.

கூழ்த் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கே மேடு நசுங்கியிருக்கிறதோ, அங்கேதான் பெட்டி விழுந்திருக்கிறது. நசுங்கிய தட்டு இன்னொரு பயணத்துக்கு ஆகாது, அடுத்த அடியை வாங்க அதில் மேடு மிச்சமில்லை. அதைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிட்டு, அடுத்த பெட்டிக்குப் புதுத் தட்டு வாங்குங்கள்.