பந்தயத் தடத்தில் பிரேக்கின் சூடு

பந்தயத் தடத்தில் சிறு கார் ஓட்ட விரும்புவோர் எஞ்சினைப் பற்றியே பேசுவர். பிரேக்கை நினைப்போர் சிலரே. 800 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு இறங்கும்போது, அதன் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு, ஏறத்தாழ 330 கிலோஜூல், வெப்பமாகிறது. இதில் பெரும்பகுதியை முன்சக்கரத் தட்டுகளே ஏற்கின்றன. வளைவுதோறும் இதே கதைதான்.

இரும்புத் தட்டு சூட்டைத் தாங்கும். பிரேக் ஆயில் தாங்காது. டாட் 4 வகை ஆயில் புதிதாயிருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட்டாலோ 155 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பிறகென்ன? பெடல் தரைவரை போகும், கார் நிற்காது!

ஆகவே முன் பம்பரில் துளையிட்டு, சூடு தாங்கும் குழாய் வழியே காற்றைத் தட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். குழாயின் வாய் தட்டின் நடுவை நோக்க வேண்டும். உள்ளே காற்றுவழிகள் உள்ள தட்டு சுழலும்போது, நடுவில் காற்றை இழுத்து ஓரத்தில் வீசும் விசிறியன்றோ அது! ஒரு முகத்தில் மட்டும் ஊதினால் தட்டு சீராகக் குளிராது. சக்கரத்தைத் திருப்பும்போது குழாய் டயரில் உராயாமலும் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் முன், செலவு குறைந்த வேலை புது ஆயில் ஊற்றுவது. கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டினால், ஓடும் காற்றே தட்டை ஆற்றிவிடும்.