பால் சைவ உணவுதானா?

ஏலப்பாறை, பீருமேடு, வண்டிப்பெரியாறு முதலிய மலைத் தோட்டங்களில் நம்மவர் குடியேறித் தலைமுறைகள் பல கடந்துவிட்டன. தேயிலை கிள்ளுவது நமது தொழில். அதனைப் பால் கலவாமல் கட்டன் சாயாவாக அருந்துவது லயங்களின் பழைய வழக்கம். கையில் நாலு காசு சேர்ந்த பின்னரே டம்ளரில் பால் சேர்ந்தது. ஆகவே, "பாலை விலக்குங்கள்" என்று எவரேனும் கூறினால், "மறுபடியும் பஞ்சகாலத்துக்கா போகச் சொல்கிறீர்கள்?" என்று நம் தாய்மார்கள் சினங்கொள்வது இயற்கையே. ஆயினும், அவ்வாறு கூறுவோரின் வாதம் யாதென்று கேளாமலே தள்ளிவிடுவது முறையன்று எனக் கருதுகிறோம்.

புலாலோடு முட்டை, பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கி வாழும் கொள்கைக்கு 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பாரும் அவர்தம் நண்பர்களும் 'வீகன்' என்னும் பெயரைச் சூட்டினர். தமிழில் இதனை நனிசைவம் என்கின்றனர். பெயர் புதிது, விஷயம் அவ்வளவு புதிதன்று. நம்மைப் போலவே பிழைப்புக்காகக் கடல் கடந்த தமிழ்க் குடும்பங்கள் பல, 1910-ல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் காந்தியடிகள் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் தங்கியிருந்தன. இந்துக்களோடு கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வாழ்ந்த அவ்விடத்தில் அனைவரும் மனமொப்பிப் புலாலின்றி உண்டனர். 1912-ல் காந்தியடிகளும் அவருடைய நண்பர் காலன்பாக்கும் ஒரு படி மேலே சென்று பாலையும் துறந்தனர். கல்கத்தாவில் கடைசிச் சொட்டு வரை கறப்பதற்காகப் பசுக்களையும் எருமைகளையும் படுத்திய கொடுமையைப் பற்றி அறிந்தது அதற்கு ஒரு காரணம். பிற்காலத்தில் கடும் நோயுற்றபோது ஆட்டுப்பால் அருந்த இசைந்தார். விரதத்தின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கைவிட்டதாக அவரே மனம் நொந்தார்.

நம் தமிழ்நாட்டில் ஜீவகாருண்யத்துக்குப் பஞ்சமில்லை. திருக்குறளில் புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரமே உண்டு. 1867-ல் வடலூரில் தருமச்சாலை கண்ட வள்ளலாரை அறியாதார் யார்? ஆனால் பாலைக் குற்றமாக நம் பெரியோர் கருதவில்லை. அக்காலத்து மாடு வேறு; இக்காலத்து மாட்டின் கதி வேறு என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

பசு கன்று ஈனாமல் பால் சுரவாது. பிறப்பனவற்றில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்றுகள். முன்னாளில் ஏருக்கும் வண்டிக்கும் காளை வேண்டியிருந்தது. வீட்டில் அதற்கும் ஒரு கட்டுத்தறி இருந்தது. 1963-ல் நமது மூணாற்றுக்கு அருகிலுள்ள மாட்டுப்பட்டியில் இந்திய-சுவிட்சர்லாந்துக் கூட்டுத் திட்டம் தொடங்கிற்று. சீமைக் காளைகளின் வித்தினால் 'சுனந்தினி' என்னும் கலப்பினம் உருவாயிற்று. பால் பெருகியது உண்மை. பல ஏழை வீடுகளில் அதனால் அடுப்பெரிந்ததும் உண்மை. ஆனால் உழவுக்கு டிராக்டர் வந்துவிட்ட இந்நாளில் காளைக்கன்றுக்குத் தீனி போடுவார் யார்? கறவை வற்றிய பசுவை வைத்துக் காப்பாற்றுவார் யார்? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலைப்பாதை வழியாகவும், கோவைப் பக்கமிருந்து வாளையாறு வழியாகவும் கேரளத்துக்கு லாரிகளில் ஏறி வரும் மாடுகளைப் பாருங்கள், விடை கிடைக்கும். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசப்பெற்ற மாடும் அவற்றுள் இருக்கக்கூடும்.

ரயில்வேயில் குமாஸ்தாவாகக் கணக்கெழுதிப் பழகிய நமக்கு இதில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பால் ஒரு பேரேட்டிலும் இறைச்சி மற்றொரு பேரேட்டிலும் எழுதப்படுகின்றன. பிராணி என்னவோ ஒன்றுதான். வாங்குவார் இருப்பதாலேயே விற்பார் கொல்கின்றனர் என்று வள்ளுவர் புலாலைக் குறித்துக் கூறிய வாதம், பால் வாங்கும் நம்மையும் விடாது போலும். மாட்டிறைச்சி உண்ணும் அயலாரை ஏளனமாகப் பேசும் நம்மவர் சிலர், தங்கள் தயிர்ச்சட்டியை ஒருமுறை நோக்குவது நலம்.

சுற்றுச்சூழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அசைபோடும் பிராணிகளின் வயிற்றில் தீனி புளிக்கும்போது மீத்தேன் என்னும் வாயு உண்டாகி ஏப்பமாக வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்க வல்லது. மனிதர் செயலால் உண்டாகும் வெப்ப வாயுக்களில் 14.5 சதவிகிதம் கால்நடை வளர்ப்பால் வருவதென ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-ல் கணக்கிட்டது. பூமி சூடேறச் சூடேறப் பெருமழை மேலும் வலுக்கிறது என்பது விஞ்ஞானிகளின் முடிவு. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டதையும், 2021 அக்டோபரில் பீருமேட்டுத் தாலூகாவின் கொக்கயாறு பட்ட பாட்டையும் நாம் மறக்கவில்லை. அவற்றுக்கு மாட்டைக் காரணம் காட்டுவது அபத்தம். மலைச்சரிவில் வாழும் நாம் மழையை மாற்றும் எதையும் அலட்சியம் செய்யலாகாது என்றே சொல்கிறோம்.

தேகாரோக்கிய விஷயத்தில் பயமும் வேண்டாம், அசட்டுத் துணிவும் வேண்டாம். உலகில் வயதுவந்தோரில் பெரும்பாலோருக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் சீரணிக்கும் சக்தி குறைவு. பால் குடித்தால் வயிறு உப்புவோர் நம்மிடையே பலர். சுண்ணாம்புச் சத்துக்குப் பாலே கதி என்பதும் இல்லை. 100 கிராம் பசும்பாலில் அது சுமார் 120 மில்லிகிராம்; அதே எடைக் கேழ்வரகில் 300-க்கு மேல்; எள்ளில் 1,000-க்கும் மேல். கீரை, தானியங்களிலுள்ளது முழுவதும் உடம்பில் ஒட்டாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். முருங்கைக்கீரை, துவரை, கடலை, எள்ளுருண்டை ஆகியவை நம் அடுக்களைக்குப் புதியனவல்ல. ஆனால் பி12 என்னும் வைட்டமின் தாவர உணவில் போதிய அளவு கிட்டாது. பாலையும் நிறுத்துவோர் அதனை மாத்திரையாகவோ, அது சேர்க்கப்பட்ட உணவாகவோ தவறாது கொள்ளவேண்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் டாக்டரைக் கேளாமல் எதையும் மாற்றலாகாது. இதை மறைத்து நனிசைவம் பேசுவோர் கொள்கைக்கும் நன்மை செய்வதில்லை, குழந்தைகளுக்கும் செய்வதில்லை.

இரண்டு பசுக்களை நம்பி மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தோட்டத்துக் குடும்பத்தினிடம் சென்று, மாட்டை அவிழ்த்துவிடுங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வராது. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பீருமேட்டுத் தாலூகாவில் தோட்டங்கள் மூடிக் கிடந்தபோது கூலியின்றித் தவித்தோர் அவர்கள். மாதச் சம்பளம் வாங்கி, பால் வாங்கிக் குடிக்கும் நம் போன்றோரே முதலில் யோசிக்க வேண்டியவர்கள்.

ஆகவே, சங்கத்து நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். வரும் பொங்கல் விழாவில் இரண்டு பானை வைப்போம். ஒன்று வழக்கப்படி, மற்றொன்றில் வெல்லமும் தேங்காய்ப்பாலும். கூட்டங்களில் கட்டன் சாயாவும் சுக்குக் காப்பியும் கேட்பவர்க்குக் கிடைக்கட்டும். தேங்காய்ப்பால் அசைவோர் ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: கெட்டியான முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும்.