உழாத நிலத்துக் கோதுமையும் தழைச்சத்தும்

பஞ்சாப், ஹரியானா இராஜ்யங்களில் நெல் அறுவடை பெரும்பாலும் அக்டோபரில் நிகழ்கிறது. கோதுமையை நவம்பர் முற்பாதியில் விதைத்துவிட வேண்டும். நிலத்தடி நீரைக் காக்கும் பொருட்டு 2009-ம் ஆண்டில் பஞ்சாபில் இயற்றப்பட்ட சட்டம் நெல் நடவைத் தாமதப்படுத்தவே, இடையிலுள்ள அவகாசம் மேலும் குறுகிற்று. அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் வைக்கோலோ ஹெக்டேருக்கு ஏறக்குறைய 6 டன். விவசாயி அதற்குத் தீ வைப்பது அறியாமையால் அன்று; நாள் போதாமையால். அத்தீயில் வைக்கோலிலுள்ள ஏறக்குறைய 30 கிலோ தழைச்சத்தும் காற்றோடு போகிறது.

லூதியானாவிலுள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய நிபுணர்களின் ஒத்துழைப்புடன் உருவாக்கிய 'ஹாப்பி சீடர்' என்னும் கருவி இதற்கு ஒரு வழி காட்டியது. அது நிலத்தை உழுவதில்லை. விதை விழும் வரிசையில் மட்டும் வைக்கோலை வெட்டி ஒதுக்கி, விதையை மண்ணில் இட்டு, வைக்கோலைப் போர்வையாக வயலிலேயே விட்டுவிடுகிறது.

ஆயினும் உரமிடும் முறை மாறாத வயல்களில் இளம்பயிர் வெளிறுவதுண்டு. அதைக் கண்ட விவசாயி வைக்கோலைப் பழித்து, மறுவருடம் தீப்பெட்டியை நாடிவிடக் கூடும். ஆகவே காரணத்தைக் கள ஊழியர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

நெல் வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 70, 80 பங்கு கார்பன் உண்டு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கோ சுமார் 25 பங்கு கார்பனுக்கே ஒரு பங்கு நைட்ரஜன் தேவை. குறையும் பங்கை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. நூல்கள் இதனை 'முடக்கம்' என்கின்றன; 'கைமாற்று' என்பதே பொருந்தும் என்பது எமது கருத்து. நுண்ணுயிர்கள் மடிந்ததும் கடன் திரும்புகிறது. ஆனால் பயிர் கேட்கும் நாளில் திரும்புவதில்லை.

மற்றொரு நஷ்டமும் உண்டு. வைக்கோலின் மேல் தூவிய யூரியாவை, அதிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி அம்மோனியாவாக மாற்றுகிறது. மண்ணைத் தொடாத அவ்வாயு எளிதில் காற்றில் கலந்துவிடுகிறது.

பாதித் தழைச்சத்தை விதைப்பின்போதும் மறுபாதியை முதல் பாசனத்தின்போதும் இடுவது பழைய வழக்கம். வைக்கோல் போர்த்திய வயலுக்கு லூதியானா ஆராய்ச்சியாளர்கள் கண்ட முறை வேறு. ஹெக்டேருக்கு 24 கிலோ தழைச்சத்தை டி.ஏ.பி. உரமாக விதைப்பின்போதே மண்ணுக்குள் இடுதல். பின் முதல் பாசனத்துக்கும் இரண்டாம் பாசனத்துக்கும் சற்று முன்பாக 48 கிலோ வீதம் யூரியாவாக இடுதல். மொத்தம் 120 கிலோ. 48 கிலோ தழைச்சத்துக்கு 104 கிலோ யூரியா வேண்டும். 'சற்று முன்பாக' என்பதே இங்கு முக்கியம்: நீர் பாய்ந்தபின் தூவினால் உரம் வைக்கோலிலேயே தங்கும், முன்பே தூவினால் நீரோடு கரைந்து மண்ணுக்குள் இறங்கும். முதல் பாசனம் விதைத்த மூன்றாம் வாரத்தில், முடிவேர் விடும் பருவத்தில் அமையும். வெளிறலைக் கண்டு அஞ்சி இன்னொரு மூட்டை கொட்டுவோரும் உளர். பயிர் சாய்வதே அதன் பலன்.

ஆசிரியர்கள் இதனை மூன்று தொட்டிகளில் காட்டலாம். முதலாவதில் வெறும் மண். இரண்டாவதில் நறுக்கிய வைக்கோல் கலந்த மண். மூன்றாவதில் அதே அளவு வைக்கோலை மேலே மட்டும் பரப்புக. உரமின்றி, ஈரம் காத்து, கோதுமை விதைக்க. கிடையாவிடில் கேழ்வரகும் போதும். இரண்டாவது தொட்டியின் நாற்றே முதலில் வெளிறும். மூன்றாவதில், மண்ணோடு வைக்கோலின் தொடர்பு குறைவாதலால், வெளிறலும் குறைவாகவே இருக்கும்.