நாற்பது ஆண்டு காத்திருக்கும் தூசி

குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்ததும் தாய் கையில் எடுப்பது எதை? பவுடர் டப்பாவை! கழுத்தில் கொஞ்சம், முதுகில் கொஞ்சம், கன்னத்தில் கொஞ்சம். அந்த மணம் வீடெங்கும் பரவும்.

இந்தப் பவுடருக்காக ஒரு பெரிய கம்பெனி கோர்ட்டில் நிற்க நேர்ந்தது. கோடிக்கணக்கான டாலர் நஷ்ட ஈடு கொடுக்கும்படி தீர்ப்பும் வந்தது. நம்ப முடிகிறதா? நம்பத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்று ஒரு நகரம். அங்கே 22 பெண்களுக்காக ஒரு வழக்கு நடந்தது. அத்தனை பேருக்கும் சினைப்பையில் புற்று நோய். அவர்களில் ஆறு பேர் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. அவர்களுடைய குடும்பத்தார் வழக்கை நடத்தினார்கள்.

ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியின் பவுடரைப் பல ஆண்டுகள் பூசி வந்ததாகவும், அதில் கலந்திருந்த கல்நாரால் நோய் வந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். கம்பெனி மறுத்தது. தன் பவுடரில் கல்நார் இல்லை, அது தீங்கற்றது என்று வாதாடியது.

2018-ம் ஆண்டு ஜூலை மாதம் ஜூரிகள் தீர்ப்புக் கூறினார்கள். நஷ்ட ஈடு 469 கோடி டாலர்! 2020-ல் அப்பீல் கோர்ட்டு இதைச் சுமார் 210 கோடி டாலராகக் குறைத்தது. 2021-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு கம்பெனியின் மனுவை ஏற்க மறுத்து விட்டது.

கல்லில் நாரா?

பவுடருக்கும் கல்நாருக்கும் என்ன சம்பந்தம்?

முகப் பவுடர் என்பது அரைத்த கல்தான்! அந்தக் கல்லுக்கு டால்க் என்று பெயர். நம் ஊர் மாக்கல் அந்த இனத்தைச் சேர்ந்தது. பாட்டிமார் வற்றல் குழம்பு வைத்த கல்சட்டி மாக்கல்லில் குடைந்ததுதான். நகத்தால் கீறினாலே மாவு உதிரும். அவ்வளவு மென்மையான கல்.

டால்க் வேறு, கல்நார் வேறு. ஆனால் பூமிக்குள் சில இடங்களில் இரண்டும் அடுத்தடுத்துப் படிந்திருக்கும். வெட்டும்போது ஒன்றோடு ஒன்று கலந்து விடலாம். ஆகவேதான் சோதனை செய்வது அவசியமாகிறது.

கல்நாரைத்தான் ஆஸ்பெஸ்டாஸ் என்கிறோம். கல்லாக இருந்தும் நாராகப் பிரியும். நூலாக நூற்கலாம். நெருப்பில் எரியாது. ஆனால் அதன் நுண்ணிய நார் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கி விடும். நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பேறும். சிலருக்குப் புற்று நோயாகவும் மாறும். நோய் வெளியே தெரியப் பத்து ஆண்டும் ஆகலாம். நாற்பது ஆண்டும் ஆகலாம்.

தாய்மார்கள் பயப்பட வேண்டாம். இந்தியாவில் விற்ற அந்தக் கம்பெனியின் பவுடரை 2018 டிசம்பரில் அரசு அதிகாரிகள் சோதனைக்கு எடுத்தார்கள். அதில் கல்நார் இல்லை என்று 2019 பிப்ரவரியில் தெரிந்தது. 2023-ல் அந்தக் கம்பெனி உலகம் முழுவதும் டால்க் சேர்த்த குழந்தைப் பவுடரை நிறுத்தி, சோள மாவுக்கு மாறி விட்டது.

போத்தனூரும் ராச்டேலும்

பவுடரில் கல்நார் ஒரு சிட்டிகை கலந்ததா, இல்லையா என்பதற்கே இத்தனை பெரிய வழக்கு! அப்படியானால் கல்நாரை மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டி வேலை செய்தவர்களின் கதி என்ன?

இந்தத் தொழில் நம் கோவைக்கும் புதிதல்ல. போத்தனூரில் 1953-ம் ஆண்டிலேயே கல்நார் சிமெண்டு ஷீட் தொழிற்சாலை வந்து விட்டது. அதை நடத்திய கம்பெனிக்கு இன்று எவரெஸ்ட் என்று பெயர். அன்று அது, இங்கிலாந்தின் டர்னர் அண்டு நியூவல் என்ற பெரிய கம்பெனியைச் சேர்ந்திருந்தது. கொங்கு நாட்டில் தறிக் கொட்டகை, கோழிப் பண்ணை, மாட்டுத் தொழுவம் எங்கும் இந்த வகை ஷீட்டுகளைக் காணலாம்.

கோவையைத் "தென்னாட்டு மான்செஸ்டர்" என்கிறோம். அசல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேல் என்று ஓர் ஊர். அங்கே நெல்லி கெர்ஷா என்று ஒரு பெண் இருந்தாள். 12 வயதில் பஞ்சாலை வேலைக்குப் போனாள். சில மாதங்களில் கல்நார் ஆலைக்கு மாறினாள். கடைசியாக அவள் கல்நார் நூற்றது டர்னர் ஆலையில்தான்.

மூச்சு வாங்கியது. வேலை செய்ய முடியவில்லை. நஷ்ட ஈடு கேட்டாள். கம்பெனி மறுத்து விட்டது. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்களே என்ற பயம்!

1924-ல், 33 வயதில், அவள் இறந்தாள். பெயர் பொறித்த கல்கூட இல்லாமல் அடக்கம் செய்தார்கள். ஆனால் டாக்டர் குக் என்பவர் அவளுடைய நுரையீரலைச் சோதித்து, உள்ளே கல்நார்த் துகள் இருப்பதை உலகுக்குச் சொன்னார். 1931-ல் இங்கிலாந்தில் கல்நார் நோய்க்கு நஷ்ட ஈடு கிடைக்க வழி பிறந்தது.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

நம் நாட்டில் இந்த வழக்கைத் தொடுத்தது அகமதாபாத்தில் உள்ள நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம். 1986-ல் தொடங்கிய வழக்கில் 1995 ஜனவரி 27-ந் தேதி மூன்று நீதிபதிகள் தீர்ப்பு அளித்தார்கள்.

தொழிலாளியின் உடல் நலம் அவனுடைய அடிப்படை உரிமை என்றது கோர்ட்டு. வேலையில் இருக்கும்போது மட்டும் அல்ல, ஓய்வு பெற்ற பிறகும் அந்த உரிமை உண்டு என்றது. அந்த வழக்கில் வந்த குஜராத் தொழிலாளர்களை மீண்டும் சோதிக்கச் சொன்னது. யாருக்கு நோய் உறுதி ஆகிறதோ, அவருக்கு ஆலை மூன்று மாதத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

இன்னொரு உத்தரவு எல்லாக் கல்நார் ஆலைகளுக்கும் பொது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல் நலக் குறிப்பையும் ஆலை பாதுகாக்க வேண்டும். எவ்வளவு காலம்? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு. அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டு. எது பின்னால் வருகிறதோ அதுவரை.

ஒருவர் 1990-ல் 22 வயதில் சேர்ந்தார். 2026-ல் 58 வயதில் ஓய்வு. நாற்பது ஆண்டுக் கணக்கு 2030-ல் முடியும். பதினைந்து ஆண்டுக் கணக்கு 2041-ல் முடியும். ஆகவே 2041 வரை அவருடைய குறிப்பு ஆலையில் இருக்க வேண்டும்.

கல்நாரை அடியோடு தடை செய்யக் கேட்ட மனுவை 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளி விட்டது. ஆனால் 1995-ம் ஆண்டு உத்தரவுகளை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று சொன்னது.

பெட்டியில் வைக்க வேண்டியது

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம். நெஞ்சுக்குள் உள்ள புண்ணுக்கு வேண்டும்! அந்தக் கண்ணாடிதான் எக்ஸ்ரே படமும் பழைய சீட்டுகளும்.

தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் கல்நார் நோய் இடம் பெற்றது. 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. வேலையால் வந்த அந்த நோய் விபத்துக்குச் சமம். ஆனால் அந்த வேலையைச் செய்ததற்கு அத்தாட்சி வேண்டுமே! முப்பது ஆண்டு கழித்து மேஸ்திரி இருப்பாரா? உடன் வேலை செய்தவர் வந்து சாட்சி சொல்வாரா?

ஆகவே வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. கார்டு, டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே எதையும் தூக்கி எறியாதீர்கள். கல்நார் வேலை பார்த்தவருக்கு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால், எந்த ஆலையில், எத்தனை ஆண்டு, என்ன வேலை என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் காச நோய் என்றோ, பீடியால் வந்தது என்றோ நினைத்து விடலாம்.

வீட்டில் உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். தூசி படிந்த வேலை உடுப்பை உதறித் துவைத்த மனைவிமாருக்கும் இந்த நோய் வந்தது உண்டு. உடுப்பை உதறாமல் நனைத்துத் துவையுங்கள். பழைய கூரை ஷீட்டை அறுக்கவோ, உடைத்து நொறுக்கவோ வேண்டாம்.

காட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கும் பெட்டியில் இந்தச் சீட்டுகளுக்கும் ஓர் இடம் கொடுங்கள். உழைத்தவர் போன பிறகும் அவருடைய மனைவி மக்களுக்காக அவை பேசும்.